ஒல்லாந்தரின் படைவலிமை கப்பல்களோடு முடிந்துவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கடலாண்ட வரலாறு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். ஐரோப்பியக் கடற்படைகள் குறித்துத் தமிழில் விரிவாக எழுதுவோர் மிகக் குறைவு என்பதால், அதை வெளியிட்ட தங்களுக்கு முதலில் நன்றி. ஆனால் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், அக்கட்டுரை வாசகர் மனத்தில் பதித்துச் செல்லும் சித்திரத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. வணிகம் செய்யத் தெரிந்த, கப்பல் கட்டத் தெரிந்த, ஆனால் தரையில் போரிடத் தெரியாத ஒரு சிறு நாடு என்றே ஒல்லாந்தர் அதில் காட்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் தரைப்படைக்கு முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைத்திருக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 1602-இல் தொடங்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களையும், ஏழு மாகாணங்கள் சேர்ந்த குடியரசின் (இன்றைய நெதர்லாந்து) போர்க்கப்பல்களையும் கட்டுரை ஒரே கணக்கில் எழுதியிருக்கிறது. போர் தொடுக்கவும், உடன்படிக்கை செய்யவும், கோட்டை கட்டவும் கம்பெனிக்கு உரிமைச் சாசனம் இருந்தது உண்மையே. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் நம் முன்னோர் கண்ட ஒல்லாந்துச் சிப்பாய்கள் அந்தக் கம்பெனியின் சம்பளத்தில் இருந்தவர்கள். இங்கிலாந்தையும் ஸ்பெயினையும் பிரான்சையும் எதிர்த்து நின்ற கடற்படையோ வேறு. அது ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம், சீலாந்து, வடக்கு ஹாலந்து, ஃப்ரீஸ்லாந்து ஆகிய ஐந்து இடங்களில் தனித்தனியே இயங்கிய கடற்படை வாரியங்களின் கையில் இருந்தது. சரக்குகள் மீது வசூலித்த சுங்கமே அவ்வாரியங்களின் அன்றாட வருவாய். தரைப்படைக்கு அந்தச் சுங்கப் பணத்தில் பங்கு கிடையாது. மாகாணங்கள் தத்தம் பங்கைச் செலுத்த, அதில் நூற்றுக்கு 58 பங்கை ஹாலந்து மாகாணம் ஒன்றே சுமக்க, அந்தப் பணத்தில்தான் தரைப்படை வாழ்ந்தது. ஒரே நாட்டுக்குக் கடலுக்கு ஒரு பணப்பையும் தரைக்கு ஒரு பணப்பையும் இருந்தன என்ற இந்த ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டால், அந்நாட்டின் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் விளங்கிவிடும். நான் சொல்ல வந்ததன் உயிர்நாடியும் இதுவே.

ஸ்பானிய மன்னருக்கு எதிரான எண்பதாண்டுப் போர் 1568-இல் தொடங்கியபோது ஒல்லாந்தரிடம் ஒழுங்கான படையென்று எதுவும் இல்லை. 1572 ஏப்ரல் 1 அன்று பிரில் துறைமுகத்தைக் கைப்பற்றியவர்கள், கடற்கொள்ளையரைப் போல் அலைந்துகொண்டிருந்த 'கடல் பிச்சைக்காரர்கள்' என்ற கூட்டத்தார். 1574-இல் முற்றுகைக்குள் சிக்கிய லைடன் நகரை மீட்க, அணைகளை உடைத்து வயல்வெளியெல்லாம் கடல்நீரைப் பாய்ச்சி, தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளில் உணவோடு வந்தார்கள். அக்டோபர் 3 அன்று முற்றுகை விலகியது. எது தரை, எது கடல் என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலப்பரப்பு அது. அங்கே பிறந்த படையைக் கடற்படை என்று மட்டும் எழுதுவது எப்படிப் பொருந்தும்?

அந்தக் கலப்படக் கூட்டம் ஒழுங்குள்ள படையானது ஆரஞ்சு வம்சத்துப் படைத்தலைவரான மொரீஸ் இளவரசர் காலத்தில்தான். அவரது பெயரை நம் வாசகர்கள் அறியாமலேயே அறிவார்கள். 1598-இல் ஒல்லாந்து மாலுமிகள் ஒரு தீவுக்கு அவர் பெயரை வைத்ததால்தான் அது மொரீஷியஸ் ஆயிற்று. அவரும், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் வில்லம் லோடவைக்கும் பழைய ரோமானிய, கிரேக்கப் போர் நூல்களைக் கரைத்துக் குடித்தவர்கள். வரிசை வரிசையாக நின்று சுடும் முறையை விளக்கி, வரைபடமும் போட்டு, வில்லம் லோடவைக் 1594 டிசம்பரில் மொரீஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய்த் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்க, அடுத்த வரிசை முன்வந்து சுட, அதற்கடுத்தது ஆயத்தமாக என்று, இடைவெளியின்றிக் குண்டு பொழியும் முறை அது.

இதைத் தாளில் வரைவது எளிது. செய்து பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அக்காலத்துத் துப்பாக்கியின் இயல்பை அறிந்தால்தான் உணர முடியும். வீரனின் இடது கையில் துப்பாக்கியும் அதைத் தாங்கும் கவைக்கோலும். அதே கையின் விரலிடுக்கில் இரு முனையிலும் கனன்றுகொண்டிருக்கும் திரி. தோள்வாரில் தொங்கும் சிறு குப்பியைத் திறந்து வெடிமருந்தைக் குழாயில் கொட்ட வேண்டும். குண்டைப் போட வேண்டும். கம்பியை உருவி இடித்து, மறுபடியும் அதன் இடத்தில் செருக வேண்டும். பற்றவைக்கும் கிண்ணத்தில் நுண்மருந்து தூவி மூட வேண்டும். வெளியே சிந்திய துகளை ஊதித் தள்ள வேண்டும். அதன் பிறகே திரியைப் பிடியில் பொருத்தி, அதன் தணலை ஊதிச் சிவக்க வைக்க வேண்டும். ஒருவன் அவசரப்பட்டாலும் பக்கத்தில் நிற்பவன் சட்டையில் தீப்பிடிக்கும். ஆகவே இந்தச் செயல்களை நாற்பதுக்கும் மேற்பட்ட நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம் செதுக்கி, 1607-இல் பயிற்சிக் கையேடாகவே வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1599-இல், படைக்கலங்களின் அளவுகளை நாடு முழுவதும் ஒரே சீராக்க மாகாணங்களின் பொது மன்றம் ஆணையிட்டிருந்தது. சைமன் ஸ்டெவின் என்ற கணித மேதை மொரீஸுக்கு ஆசானாகவும் ஆலோசகராகவும் இருந்தார். கோட்டை கட்டும் கணக்கைத் தாய்மொழியிலேயே கற்பிக்க 1600-இல் லைடனில் ஒரு பொறியியல் பள்ளி தொடங்கப்பட்டபோது, அதன் பாடத்திட்டத்தை வகுத்தவர் அவரே. மண்வெட்டி பிடிப்பது மானக்கேடு என்று மற்ற நாட்டுப் போர்வீரர்கள் கருதிய காலத்தில், தனிக்கூலி கொடுத்துத் தம் வீரர்களையே அகழி தோண்ட வைத்தார் மொரீஸ். இவ்வளவும் செய்த ஒரு தரைப்படைக்குக் கட்டுரையில் ஒரு வாக்கியம் போதுமா என்பதை ஆசிரியரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயிற்சியைவிட முக்கியமானது சம்பளம். எதிரியான ஸ்பானியப் படை அக்கால ஐரோப்பாவின் தலைசிறந்த படை என்பதில் ஐயமில்லை. ஆனால் அமெரிக்க வெள்ளி குவிந்தும், மாட்ரிட் அரசு 1575-இல் கடனைத் திருப்பித் தர முடியாமல் கைவிரித்தது. சம்பளப் பாக்கி ஆண்டுக்கணக்கில் ஏறியது. 1576 நவம்பரில் சம்பளம் காணாத வீரர்கள் ஆன்ட்வெர்ப் நகருக்குள் புகுந்து சூறையாடி, ஆயிரக்கணக்கானோரைக் கொன்றார்கள். 1572-க்கும் 1607-க்கும் இடையில் மட்டும் அந்தப் படையில் நாற்பதுக்கும் மேற்பட்ட கலகங்கள் நடந்தன. ஒல்லாந்தரின் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர், ஆங்கிலேயர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் எனக் கூலிக்கு வந்தவர்களே நிறைந்திருந்தார்கள். ஆனால் அங்கே அத்தகைய பெருங்கலகங்கள் தலைதூக்கவில்லை. மாகாணத்தின் பணம் வரத் தாமதமானால், வீரர்களின் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பிறகு வட்டியோடு பெற்றுக்கொள்ளும் தரகர்கள் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இருந்தார்கள். அவர்கள் இலாபத்துக்காகத்தான் செய்தார்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தரகர் துணிந்து கடன் கொடுத்ததற்குக் காரணம், ஹாலந்து மாகாணம் வாங்கிய கடனைத் திருப்பித் தரும் என்ற நம்பிக்கை. நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் சொல் தவறாமையையும் குறிக்கும் மொழி நம்முடையது. அதனால் அந்தக் குடியரசின் படைபலத்தைத் தமிழில் விளக்குவது ஒருவகையில் எளிது. அது நாணயத்தால் நடந்த படை. 1655 வாக்கிலேயே ஹாலந்து நான்கு விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கியது. ஆனால் 1660-இல் ஆட்சிக்கு வந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வட்டி கொடுத்தும், 1672 தொடக்கத்தில் கடன்காரர்களுக்குப் பணம் தருவதையே நிறுத்த வேண்டியதாயிற்று.

கடற்படைக்கு வருகிறேன். 1628-இல் கியூபாவின் மட்டான்சாஸ் வளைகுடாவில் பீட் ஹெய்ன் ஸ்பானிய வெள்ளிக் கப்பல்களைப் பிடித்ததையும், 1639-இல் கடற்படைத் தளபதி ட்ரோம்ப் ஆங்கிலக் கரையோரம் டவுன்ஸ் பகுதியில் ஸ்பானியப் பெருங்கடற்படையைச் சிதறடித்ததையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். அவர் சொல்லாமல் விட்டது, 1639 வெற்றியில் பங்கேற்ற கப்பல்களில் பல வாடகைக்கு அமர்த்திய வணிகக் கப்பல்கள் என்பது. 1648-இல் ஸ்பெயினுடன் அமைதி வந்ததும், செலவைக் குறைக்கிறோம் என்று போர்க்கப்பல்களை விற்றார்கள். நான்கே ஆண்டுகளில், 1652-இல், கனத்த பீரங்கிகளோடு ஆங்கிலக் கடற்படை எதிரே வந்து நின்றபோது, வாடகைக் கப்பல்களின் மெல்லிய பலகைகள் தாங்கவில்லை. 1653 ஆகஸ்டில் ட்ரோம்ப் குண்டடிபட்டு மாண்டார். அந்தப் போரில் பட்ட அடிகளுக்குப் பிறகே, போருக்கென்றே கட்டிய அறுபது புதிய கப்பல்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. அவற்றை விற்கக் கூடாது என்றும் முடிவாயிற்று. அந்நாட்டின் நிலையான கடற்படை அன்றுதான் பிறந்தது. ஜோஹன் டி விட் என்ற இளம் அரசியல் தலைவரின் விடாமுயற்சி அதற்குப் பின்னால் இருந்தது.

ஆங்கிலேயரின் கப்பல்கள் பெரியவை, ஒல்லாந்தரின் கப்பல்கள் சிறியவை என்று சொல்லி, கட்டுரை அதைத் தொழில்நுட்பப் பின்னடைவாகக் காட்டுகிறது. இதை நான் ஏற்கவில்லை. அவர்களின் துறைமுகங்களுக்கு முன்னால் மணல்திட்டுகள் பாய் விரித்ததுபோல் பரந்து கிடந்தன. ஆம்ஸ்டர்டாமின் வாசலிலேயே பாம்பஸ் என்ற ஆழமற்ற சேற்றுத்திட்டு. அதில் தட்டாமல் போக வேண்டுமானால் அடிப்பாகம் ஆழமில்லாத கப்பலே கட்ட முடியும். அத்தகைய கப்பல் மிகுந்த பீரங்கிச் சுமையைத் தாங்காது. பிற்பாடு 1690 வாக்கில் இதற்கு அருமையான ஒரு வழி கண்டார்கள். 'ஒட்டகம்' என்று பெயரிட்ட இரண்டு பெரிய மரத்தொட்டிகளில் நீர் நிரப்பி அமிழ்த்தி, கப்பலின் இருபுறமும் அணைத்துக் கட்டி, பிறகு நீரை இறைத்து வெளியேற்றினால், தொட்டிகள் மிதந்தெழும்போது கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும். அப்படியே திட்டைக் கடத்தி இழுத்துச் செல்வார்கள். பின்தங்கியவர்கள் செய்யும் வேலை அல்ல இது. அதே ஆழமின்மை அவர்களுக்கு அரணாகவும் இருந்தது. 1673 ஜூனில் தம்மைவிட எண்ணிக்கையில் மிகுந்த ஆங்கில, பிரெஞ்சுக் கூட்டுக் கடற்படையை எதிர்கொண்ட ஒல்லாந்துக் கடற்படைத் தளபதி டி ரைட்டர், ஸ்கோனவெல்ட் என்ற இடத்தில் மணல்திட்டுகளுக்கு நடுவே ஒதுங்கி நின்று, காற்று சாதகமானபோது மட்டும் பாய்ந்து அடித்துவிட்டுத் திரும்பினார். ஃப்ளிசிங்கன் ஊரில் பீப்பாய் சுமக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, சிறுவயதில் கயிறு திரிக்கும் கொட்டகையில் வேலை செய்தவர் அவர். திறமை இருந்தால் அப்படிப்பட்டவரும் தலைமைத் தளபதி ஆகலாம் என்ற நிலை அக்கால ஐரோப்பாவில் வேறெங்கும் எளிதாகக் காணக் கிடைக்காது.

1667 ஜூனில் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் அவர்கள் புகுந்த கதையில்கூட, சம்பளம்தான் முக்கியப் பாத்திரம். பணமில்லாத ஆங்கில அரசு தன் பெரிய கப்பல்களைக் கரையோரம் கட்டிப்போட்டு, மாலுமிகளுக்குப் பணத்துக்குப் பதில் சீட்டுகளைக் கொடுத்து அனுப்பியிருந்தது. அந்தச் சீட்டுகளைப் பாதி விலைக்கு விற்றுப் பிழைக்க வேண்டிய நிலை. ஒல்லாந்தர் ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த இரும்புச் சங்கிலியைத் தகர்த்துக்கொண்டு வந்தபோது, அவர்கள் கப்பல்களில் ஆங்கில மாலுமிகளும் இருந்தார்கள். முன்பு சீட்டுக்காகச் சண்டையிட்டோம், இப்போது காசுக்காகச் சண்டையிடுகிறோம் என்று அவர்கள் கூவியதாக, ஆங்கிலக் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். ஆங்கிலேயரின் தலைமைக் கப்பலான 'ராயல் சார்லஸ்' இழுத்துச் செல்லப்பட்டது. ஒல்லாந்தின் ஆழமற்ற நீருக்கு அது பொருந்தவில்லை. போருக்கு ஒருநாளும் பயன்படாமல் 1673-இல் உடைக்கப்பட்டது. சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் செதுக்கிய அதன் பின்புற முகப்பு மட்டும் இன்றும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கட்டுரை இந்த வெற்றியைப் பெருமிதமாகச் சொல்லிவிட்டு அப்பால் தாவிவிடுகிறது. ஐந்தே ஆண்டுகளில் நடந்ததைச் சொல்லாமல் இந்த வெற்றியை மட்டும் சொன்னது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 1650-இல் ஆரஞ்சு வம்சத்து இளவரசரும் படைத்தலைவருமான இரண்டாம் வில்லம் இளம் வயதில் இறந்ததும், ஹாலந்தின் வணிகக் குடும்பங்கள் ஆரஞ்சு வம்சத்தாரிடம் மீண்டும் படைத்தலைமையைக் கொடுக்க விரும்பவில்லை. தரைப்படை என்றாலே இளவரசரின் கைவாள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அதனால் இருபது ஆண்டுகள் கடலுக்கான பை நிறைந்துகொண்டே போக, தரைக்கான பை வற்றியது. கோட்டைச் சுவர்கள் சரிந்தன, காவற்படைகள் மெலிந்தன. இதில் டி விட்டைக் குற்றம் சாட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை, அவருடைய அறிவின்மேல் எனக்கு அளவற்ற மதிப்பு இருந்தபோதிலும். 1672-இல் இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மானியச் சிற்றரசுகளான மியூன்ஸ்டர், கொலோன் ஆகிய நான்கும் ஒருசேரப் பாய்ந்தன. பதினான்காம் லூயியின் படை ஏறத்தாழ 1,20,000 பேருடன் வந்தது. ரைன் ஆற்றங்கரைக் கோட்டைகள் ஒவ்வொன்றும் சில நாட்களுக்குள் வீழ்ந்தன. ஜூன் 12 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றைக் கடந்தார்கள். அம்மாத இறுதிக்குள் உட்ரெக்ட் அவர்கள் கையில் இருந்தது. அந்த ஆண்டைப் பற்றி அந்நாட்டில் இன்றும் ஒரு வழக்கு உண்டு: மக்கள் மதியிழந்தார்கள், ஆள்வோர் வழியிழந்தார்கள், நாடு மீட்சியிழந்தது. ஆகஸ்ட் 20 அன்று ஹேக் நகரில் ஜோஹன் டி விட்டையும் அவர் அண்ணன் கொர்னேலிஸையும் கூட்டம் அடித்துக் கொன்றது. மெட்வே படையெடுப்பின்போது கப்பலில் உடன் சென்றவர் அந்தக் கொர்னேலிஸ்.

நாட்டைக் காப்பாற்றியது மீண்டும் நீரே. ஹாலந்தின் கிழக்கு எல்லை நெடுக மதகுகளைத் திறந்து நிலத்தை மூழ்கடித்தார்கள். பயிர் போகுமே என்று தடுத்த உழவர்களின் எதிர்ப்பை மீறித்தான் அது நடந்தது. அந்த உழவர்களின் கண்ணீரையும் வரலாறு கணக்கில் வைக்க வேண்டும். குதிரையும் காலாளும் நடக்க முடியாத ஆழம், பெரிய படகு செல்லவும் முடியாத ஆழம். அடியில் எங்கே வாய்க்கால் இருக்கிறது என்று வெளியூரானுக்குத் தெரியாது. ஆற்றிலும் வெள்ளத்திலும் பீரங்கி ஏற்றிய படகுகள் காவல் சுற்றின. டி ரைட்டரின் கப்பல்கள் பலவற்றைக் கரையில் நிறுத்திவிட்டு, அவற்றின் ஆட்களையும் வெடிமருந்தையும் தரைக்கு அனுப்பினார்கள். டிசம்பரில் நீர் உறைந்தபோது லக்சம்பர்க் என்ற தளபதியின் பிரெஞ்சுப் படை பனிமேல் நடந்து வந்தது. பனி திடீரென இளகவே ஹேக் வரை வர முடியாமல் திரும்பும் வழியில் போடக்ரேவன், ஸ்வாமர்டாம் என்ற இரு ஊர்களை எரித்தழித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று டெக்சல் அருகே டி ரைட்டர் எதிரிக் கடற்படையைத் தடுத்து நிறுத்தியதால், கடல் வழியே வந்திறங்கத் திட்டமிட்டிருந்த படை இறங்கவே இல்லை. 1674 பிப்ரவரியில் இங்கிலாந்து போரிலிருந்து விலகியது. தரையும் கடலும் ஒன்றையொன்று தாங்கிய அந்த இரண்டு ஆண்டுகளையே அந்நாட்டுப் படைவலிமையின் உச்சம் என்று நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன்.

பின்னர் தராசு மறுபக்கம் சாய்ந்தது. இரண்டாம் வில்லமின் மகன் மூன்றாம் வில்லம் 1688-இல் நானூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களுடன் இங்கிலாந்தில் இறங்கி அரியணை ஏறினார். நூறாண்டுக்கு முன் வந்த ஸ்பானிய ஆர்மடாவைவிடப் பெரிய கடற்படை அது. ஆனால் மறு ஆண்டு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கூட்டுக் கடற்படையில் இங்கிலாந்து ஐந்து பங்கும் ஒல்லாந்து மூன்று பங்கும் தருவதென்றும், தலைமை ஆங்கிலேயரிடம் இருப்பதென்றும் முடிவாயிற்று. அதன் பிறகு குடியரசின் பணமெல்லாம் பிரான்ஸுக்கு எதிரான தரைப்போரில் கரைந்தது. ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் அந்தச் சிறு நாடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைச் சம்பளத்தில் வைத்திருந்தது. 1709-இல் மால்ப்ளாக்கே களத்தில் அதன் காலாட்படை கொத்துக் கொத்தாக மடிந்தது. இருபது லட்சத்துக்கும் குறைவான மக்கள் எத்தனை நாள் அந்தச் சுமையைச் சுமப்பார்கள்? 1715-இல் பொதுக் கருவூலத்தின் கதவையே ஒன்பது மாதம் மூடிவைக்க நேர்ந்தது. எந்த நாணயத்தால் படை நடந்ததோ, அது தேய்ந்தது. ஐந்து வாரியங்களின் கப்பல்கள் துறைமுகங்களிலேயே உளுத்தன.

ஆங்கிலேயரின் வீரம் மிகுந்ததால் ஒல்லாந்தர் கீழைக்கடலை இழந்தார்கள் என்று கட்டுரையின் கடைசிப் பத்தி கூறுகிறது. நம் நாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து கம்பெனி கைப்பற்றிய அந்தத் துறைமுகம், 1781 நவம்பரில் தரையில் ஆங்கிலத் தளபதி மன்றோவின் படைக்கும் கடலில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸின் கப்பல்களுக்கும் நடுவே சிக்கியபோது, ஹைதர் அலியின் வீரர்கள் கோட்டைக்காரர்களோடு நின்று போரிட்டார்கள். குடியரசின் போர்க்கப்பல் எதுவும் உதவிக்கு வந்து சேரவில்லை. 1784 உடன்படிக்கையில் அந்த ஊர் நிரந்தரமாகக் கைமாறியது. நாகப்பட்டினத்துக் கோட்டைச் சுவரில் விழுந்த குண்டுகளை எண்ணுவதோடு, ஆம்ஸ்டர்டாமில் கட்டப்படாமல் போன கப்பல்களையும் எண்ணி எழுதினால்தான் அந்தத் தோல்வி விளங்கும். இந்தத் தொடர் தொடரவிருப்பதாகத் தங்கள் இதழில் குறிப்பு இருந்ததால், அடுத்த பகுதியில் தரைப்படைக்கும் 1672-ஆம் ஆண்டுக்கும் உரிய இடம் தருமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கம்பெனியின் கப்பல்களையும் குடியரசின் கப்பல்களையும் கலந்து எழுதிய இடங்களுக்கு ஒரு திருத்தக் குறிப்பும் வெளியிட வேண்டுகிறேன். பள்ளி மாணவர்கள் இந்த இணைப்பை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்